காந்தம் நிற்காத இடம்

ஜோதி அந்தக் காந்தத்தைக் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது இன்னாத்துக்குண்ணா?" என்று கேட்டாள். பழைய ஸ்பீக்கரை உடைத்து எடுத்த வட்டக் காந்தம். நடு ஓட்டையில் ஷூ கயிறு கோத்திருந்தது. அவள் புருஷன் சிவசங்கர் செத்து அடுத்த மாதத்தோடு வருஷம் திரும்புகிறது. அதற்கு முன் அவன் துணிகளை ஒழித்துவிடலாம் என்று பீரோவைத் திறந்திருக்கிறாள். காக்கிப் பேன்ட் பாக்கெட்டில் இது இருந்திருக்கிறது.

தெரியலையே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதினோரு மாதமாகப் பொய்யிலேயே ஊறிய வாய், அதுவாகத் திறந்துகொள்ளும். ஆனால் கண் ஷூ கயிற்றில் மாட்டிக்கொண்டது. அந்தக் கயிறு என் ஷூவிலிருந்து அவன் உருவியது.

நான் அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரன். பெயர் நயினார். 2010-இல் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். பெயிண்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்ஷன். வெள்ளைப் பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டு, லைனில் வருகிற வண்டியின் மேல் உள்ளங்கையை ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் கைக்குத் தெரியும். எங்கள் ஷிப்டிலேயே என் கைதான் கை என்று பெயர். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சிவசங்கர் குன்றத்தூர்க்காரன், வெல்டிங் ஷாப். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்கி என் தோளில் எச்சில் வடித்துத்தான் பழக்கம் ஆனான்.

அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. "டெய்லி நானூறு வண்டி போவுது மச்சான். ஒண்ணாச்சும் நாம செஞ்ச வண்டினு சொல்ல முடியுமா? நான் ரெண்டு பொட்டு வெல்டு வைக்கிறேன், நீ தடவிக் குடுக்கிற, அவ்ளோதான். ஒரே ஒரு வண்டி, மூக்குலருந்து வாலு வரைக்கும் நாமளே பண்ணணும்" என்பான். சாதாரண வண்டி கூடாதாம். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, தரையோடு தரையாக ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கூபேதான் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலை பார்ப்போம், இரண்டு வருஷம் ஆனாலும் ஆகட்டும் என்று என்னையும் பைத்தியமாக்கிவிட்டான்.

மண்ணூரில் ஒரு தோட்டத்து ஷெட்டில் அப்படி இரண்டு வண்டிகள் கிடப்பதாகத் துப்புக் கொண்டுவந்ததும் அவன்தான். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் யாரோ ஒரு பெரிய மனிதர் ஆசைப்பட்டு வாங்கியவை. அவர் போய்விட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். காவலுக்கு இருந்த யாக்கோபு தார்ப்பாயை இழுத்தபோது நான் சிவப்பைத்தான் பார்த்தேன். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், பின்பக்கம் வழிந்து இறங்கும் கூரை. பக்கத்தில் நீலம் ஒன்று நின்றது. கதவில் ஒடுக்கு, சீட்டில் எலிக் கூடு, முன்விளக்கு ஒன்று இல்லை. சிவசங்கர் நேராக அதனிடம் போய், கூரையில் வலது முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டு, "ஒரு போட்டோ எடு மச்சான்" என்றான். செல்போனில் எடுத்தேன்.

ஐந்து ஞாயிறுகள் அந்த ஷெட்டில் சண்டை போட்டோம். இரண்டையும் வாங்க எங்களுக்கு வக்கில்லை, ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான் கம்பெனிக் கையுறையையே கொண்டுபோய் சிவப்பைத் தடவினேன். அப்படி ஒரு வழவழப்பு. அவன் வண்டியின் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டான், மல்லாந்து படுத்துக் கீழேதான் பார்ப்பான். மூன்றாவது வாரம் இந்தக் காந்தத்தைக் கொண்டுவந்தான். நீலத்தில் எங்கே வைத்தாலும் டப்பென்று ஒட்டியது. சிவப்பில், கதவுக்குக் கீழே, ஜாக்கி கொடுக்கும் இடத்தில் வைத்தான். காந்தம் நிற்காமல் மண்ணில் விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது.

"தோ பாரு. உள்ள தகடே இல்ல. துரு தின்ன ஓட்டைல வெறும் பட்டிப் பசைய அப்பி, மேல கருப்பு அடிச்சி வெச்சிகீறான்."

"ஏல, பழைய வண்டின்னா நாலு எடத்துல பட்டி இருக்கத்தாம்ல செய்யும். ஒன் நீலத்து மூஞ்சியப் பாரு, எலி மேஞ்ச தேங்கா மாதிரி."

"மூஞ்சி நீ பாத்துக்குவ மச்சான். எலும்பு போனா யாரு பாக்குறது?"

"எங் கையி இன்னைக்கி வரைக்கும் தப்பு சொன்னதில்ல கேட்டியா" என்றேன். இதைச் சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

ஐந்தாவது வாரம் அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி உடு. உன் கை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு ஆசையாக இருக்கிறது என்று விட்டுக்கொடுத்தான். சிவப்பைக் கட்டியிழுத்துக் குன்றத்தூருக்குக் கொண்டுவந்து, அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷீட் கொட்டகையில் நிறுத்தினோம். ஜோதி சூடம் சுற்றினாள். "இத்தக் கட்டிகினு அழுவறதுக்கு என்னை ஏன் கட்டிகினீங்க" என்று அவனைக் கிண்டலும் பண்ணினாள்.

கம்பெனியில் தினமும் காலையில் வரிசையாக நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். தூக்கி நிறுத்திய எதற்கும் அடியில் போகாதே என்பது மூன்றாவது வரி. ஆறு நாள் வாய் வலிக்கச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை யார் சொல்வார்கள்? வண்டி கொட்டகைக்கு வந்த நான்காவது ஞாயிறு மத்தியானம், அவன் ஜாக்கியை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் பரோட்டா வாங்கப் போனேன். முட்டுக் கொடுக்கும் கட்டைகளைச் சுவரோரம் எடுத்து வைத்திருந்தோம், அடியில் தள்ளியிருக்கவில்லை. திரும்பி வந்தபோது வண்டி ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. ஜாக்கியின் தலை கதவுக்குக் கீழே பொத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பரோட்டாப் பொட்டலத்தைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், கையில் பிடித்துக்கொண்டே கத்தினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜோதியின் அப்பா கன்னியப்பன் என் சட்டையைப் பிடித்தார். "யாருப்பா அந்த ஓட்ட வண்டிய எடுத்தது?"

"நான் வேண்டாம்னுதாம் சொன்னேன். அவந்தான் கேக்கல."

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசித்தேன், யோசித்துவிட்டுத் திருத்தாமல் இருந்தேன். பக்கத்தில் நின்ற ஜோதி அதைக் கேட்டாள். காரியம் முடிந்ததும் எல்லா வீட்டிலும் படத்தை மாட்டி மாலை போடுவார்கள். அவள் மாட்டவில்லை. சட்டம் போட்டு வந்த படத்தைச் செய்தித்தாளோடு பீரோ மேல் தூக்கிப் போட்டாள். "ஃபிரண்டு சொல்லியும் கேக்காம போய்ச் செத்தாரு. அந்தத் தகர டப்பாதான் பெருசாப் போச்சு. அந்த மூஞ்சில நான் முழிக்கணுமா?" என்றாள். தெவசமும் கொடுக்கப்போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். நான் ஞாயிறுதோறும் காய்கறி வாங்கிக்கொண்டு போவேன். எனக்குக் காப்பி கொடுப்பாள். காப்பி கொடுத்துக்கொண்டே அவனைத் திட்டுவாள். நான் தலையை ஆட்டுவேன். என்னைப்போல ஒரு ஈனப்பிறவி உண்டா?

போன மாதம் வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து அந்த நீலத்தைப் பார்த்தேன். யாரோ வாங்கிச் சரிசெய்திருக்கிறார்கள். கதவு ஒடுக்கு அப்படியே இருந்தது. வண்டி ஓடியது.

"அண்ணா, உங்களத்தான் கேக்கறேன்" என்றாள் ஜோதி.

"தகடு இருந்தா இது ஒட்டும். பட்டியா இருந்தா ஒட்டாது. வண்டி பாக்கையில கொண்டாந்தான்."

"செவப்புல வெச்சிப் பாத்தாரா?"

"வச்சான். நிக்கல."

"தெரிஞ்சுமா எடுத்தாரு?"

அவள் முகத்தில் பழைய கோபம் ஏறுவது தெரிந்தது. இன்னொரு தடவை தலையை ஆட்டினால் போதும், காப்பி ஆறுவதற்குள் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். முடியவில்லை.

"அவன் எடுக்கலம்மா. நாந்தாஞ் செவப்பு வேணும்னேன். அவன் அஞ்சு வாரமும் நீலத்தத்தாஞ் சொன்னான். இந்தக் காந்தத்த வச்சி, வச்சிக் காட்டுனான். நாங் கேக்கல. எனக்காவத்தான் சரின்னான்."

ஜோதி காந்தத்தைக் கையில் எடுத்தாள். "எங்கப்பா கேட்டப்போ?"

"பயந்துட்டேன்."

"நான் அவர இன்னா இன்னா திட்டனேன், தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சே வாரா வாரம் வந்து குந்திகினு காப்பி குடிச்சிகினு இருந்தீங்க."

கொல்லையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள். அவள் எழுந்து, பாதி குடித்திருந்த என் தம்ளரை எடுத்துப் போய் அங்கணத்தில் கொட்டிவிட்டு வந்தாள். பீரோ மேலிருந்து படத்தை இறக்கிச் செய்தித்தாளைக் கிழித்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அழுகிறாள் என்பது தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"ஆணி அடிக்கணும். எனக்கு எட்டாது. அடிச்சிக் குடுத்துட்டுப் போங்க. இனிமே இந்த வூட்டுக்கு வராதீங்க."

அவன் டூல் பெட்டியிலிருந்தே சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். ஸ்டூலில் ஏறி ஆணியை அடித்தேன். இரண்டாவது அடி என் விரலில் விழுந்தது. படத்தை வாங்கி மாட்டினேன்.

"கோணலா கீது" என்றாள் கீழே நின்று.

சட்டத்தின் மேல்விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினேன். நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் இடப்பக்கம் ஒரு நூல் இறக்கினேன்.

"இல்ல, இன்னும் சாஞ்சுதான் கீது."

ஏற்றினேன். அப்புறம் ஸ்டூலை விட்டு இறங்கி, அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். நான் செல்போனில் எடுத்த அதே போட்டோ. பின்னால் வண்டி எதுவும் தெரியக் கூடாது என்று, படத்தைப் பெரிதாக்கக் கொடுத்த அன்றைக்கு ஸ்டுடியோவில் சொன்னவள் ஜோதிதான். அவர்களும் நீலத்தை முழுக்க அழித்துவிட்டு, அங்கே வானத்தை வைத்திருந்தார்கள். சிவசங்கர் வலது முழங்கையை ஊன்றி, அந்தப் பக்கமாக முழு உடம்பையும் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். முழங்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.