ராணி அறையின் தாழ்ப்பாள்

"ஒங்கம்மா அந்த ரூமுக்குள்ள போனா தாழ்ப்பாள் போட்டுக்குவாளா?"

மேனேஜர் நரூகா கேட்டபோது நான் கொடியடியில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். யாராவது கேள்வி கேட்டால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான்.

"வாயில என்ன, லட்டு அடைச்சிருக்கா? சரி, புரிஞ்சிடுச்சு" என்று போய்விட்டார்.

அவர் புரிந்துகொண்டது சரிதான். அம்மா தாழ்ப்பாள் போடுவாள்.

ஹோட்டலாக மாறிவிட்ட இந்த அரண்மனையில், அந்தப்புரத்து மாடியில் இருக்கும் ராணி அறைக்குத்தான் விருந்தாளிகள் அடித்துக்கொள்வார்கள். அங்கே மாடத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. மற்ற அறைகளைத் திறந்துபோட்டுக் கூட்டும் அம்மா, அதை மட்டும் ஏன் மூடிக்கொள்கிறாள்?

கேட்டேன். "ஒனக்கெதுக்குடி அது? உறைய மடி" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அம்மாவுக்கு வேலை போனால், பழைய குதிரை லாயத்தில் எங்களுக்கு விட்டிருக்கும் இடமும் போய்விடும். அவள் குளிக்கப் போனபோது தகரப் பெட்டியைக் கிளறினேன். பாவாடைகள், அப்பாவின் தலைப்பாகைத் துணி, உடைந்த வளையல். சிமிழ் இல்லை. அப்படியும் மனம் ஆறவில்லை. விற்றுவிட்டாளோ?

மறுநாள் விருந்தாளிகள் கிளம்பியதும் அம்மா துடைப்பத்தோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. கதவில் காதை வைத்தேன். கூட்டும் சத்தமே இல்லை.

"எழுந்திரிங்க மாஜிசா, ஆளு வந்துடுவாங்க." இது அம்மா.

"இரு சுக்னி. கட்டில ஏன் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டானுங்க? ஜன்னலே தெரியல."

மாஜிசா, அரண்மனைக்காரர் தாக்கூர்சாவின் அம்மா. கணவர் இறந்த பிறகு பின்கட்டை விட்டு வராதவர். வெளி ஆண்கள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதுமில்லை. மணப்பெண்ணாக அவர் வந்து இறங்கிய அறை அது. மகன் அதைத்தான், அவருடைய பழைய சாமான்களோடு, வாடகைக்கு விட்டிருந்தார். பெண்களின் உள்படி வழியாக ஏறி வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எந்த ஆணும் நுழைந்துவிடாமல் இருக்கத்தான் தாழ்ப்பாள்.

மதியம் முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார் நரூகா. தாக்கூர்சா பிரம்பு நாற்காலியில் டீயைப் பார்த்தபடி இருந்தார்.

"சிமிழ எடுத்து வை. இல்ல, சாயங்காலத்துக்குள்ள லாயத்தக் காலி பண்ணு" என்றார் நரூகா அம்மாவிடம்.

"நான் எடுக்கல ஹுகும்" என்று எஜமானைக் கும்பிட்டாள் அம்மா.

"அப்ப தாழ்ப்பாள் எதுக்கு? உள்ள கண்ணாடி பாத்து ராணி வேஷம் போடறியா?" என்றார் நரூகா.

பரிமாறுகிற ஆட்கள் சிரித்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். இத்தனை ஆண்கள் நடுவில், மாஜிசா ஹோட்டல் அறைக்கு ஒளிந்து வருகிறார் என்று எப்படிச் சொல்வாள்?

நான் பின்கட்டுக்கு ஓடினேன். மாஜிசா துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சிமிழக் காணோம்னு... தாழ்ப்பாள் போட்டதுக்கு... அம்மாவ வெளிய போகச் சொல்றாங்க."

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

உள்படி வழியாக வரவில்லை. பட்டப்பகலில், நடுமுற்றத்தில், மார்புவரை முக்காடு இழுத்துவிட்டு நடந்து வந்தார். ஆண்கள் எல்லோரும் சடாரென்று சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். நரூகாவும் திரும்பினார். தாக்கூர்சா மட்டும் எழுந்து நின்றார்.

மாஜிசா அவர் முன்னால் கையை நீட்டினார். உள்ளங்கையில் சிமிழ்.

"அம்மா, இது..." என்று இழுத்தார் தாக்கூர்சா.

விரல்கள் மூடிக்கொண்டன. இன்னொரு கையால் என் அம்மாவின் தோளைத் தொட்டார். பிறகு, சிமிழோடு, வந்த வழியே போய்விட்டார்.