எஸ்கோவின் ஏழாவது நோட்டு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் தேடினேன், அகப்படவில்லை. என் கணவன் எஸ்கோ ஜனவரியில் இறந்தான். ஆய்வுக்கூடத்தில் பதினொரு வருடம் அவனோடு வேலை செய்த ரைலி, அடக்கத்தன்று என்னைவிட அழகாக அழுதாள்.

(கடைசி வாக்கியம் நியாயமில்லை. இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: ‘எங்கள் ஊரான ஒத்தானியெமியில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு’

வேண்டாம். இங்கே பனி பெய்யாத நாளைத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: எனக்கு இர்யா என்று பெயர் வைத்துத் தள்ளி நிறுத்துகிறேன். அவள் சொன்ன பொய்யை அப்போதுதான் எழுத முடியும்.

சனிக்கிழமை மதியம் ரைலி ஏலக்காய் ரொட்டியோடு வந்தாள்.

“அவன் நோட்டு எங்க இர்யா? பச்சை அட்டை, ஏழாவது.”

“நான் பாக்கலையே.”

“நல்லாத் தேடேன். திங்கக்கிழமை பெட்டியைச் சூடாக்கச் சொல்லிட்டாங்க. அடுத்த குழு வரிசைல நிக்குது.”

“ஆகட்டுமே. எஸ்கோவே சில்லிட்டுப் போயிட்டான், உன் பெட்டி சூடானா என்ன?”

ரைலி சிரித்துவிட்டாள். உடனே கண் நிறைந்தது.

(பெட்டி என்பது விண்வெளியைவிடக் குளிர்ந்த ஒரு குளிர்சாதனம். அதற்குள் எறும்பு மறைத்துவிடக்கூடிய ஒரு மின்னணுச் சில்லு. அதில் சக்தியை ஏற்றி, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. சூடாகிக் குளிர்ந்தால் அது பழைய சில்லு இல்லை. திங்கட்கிழமைக்குள் எஸ்கோவின் குறிப்புகளைப் பார்த்துக் கடைசிச் சோதனையைத் திரும்பச் செய்யாவிட்டால் பதினொரு வருடமும் வீண்.)

அவர்கள் கண்டுபிடித்தது இதுதான்: அந்தச் சில்லிலுள்ள குவாண்டம் மின்கலங்களைத் தனித்தனியே ஏற்றுவதைவிடப் பிணைத்து ஏற்றினால் சீக்கிரம் நிறைகின்றன. சாப்பாட்டு மேசையில் எஸ்கோ இதைச் சொன்னபோது இர்யா கேட்டாள்:

“யாரு யாரோட?”

“கலத்தைச் சொன்னேன்டி!”

3

ரைலிக்கு ஒரு கெட்ட குணமாவது கொடுக்கப் பார்த்தேன். காலணியைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நோட்டு சமையலறை இழுப்பறையில் இருந்தது. அவள் போனதும் இர்யா பிரித்தாள். பக்கம் பக்கமாக எண்கள். நடுவில் ஓர் ஓரத்தில், அவன் கையெழுத்தில்: ‘ரைலி சிரித்ததில் மேசை ஆடியது. அளவு கெட்டது. மறுபடி.’

இருபத்தொன்பது வருடத்தில் நான் சிரித்ததை அவன் எங்கேயும் குறித்து வைத்ததில்லை.

(இர்யா என்று எழுதியிருக்க வேண்டும். விட்டுவிடுங்கள்.)

4

ஒரு முடிவு: இர்யா நோட்டை நீராவிக் குளியலறையின் சவுனா அடுப்பில் போடுகிறாள். எழுதும்போது இனித்தது. படித்தால் சினிமா.

இன்னொன்று: பஸ் ஏறிப் போய்க் கொடுக்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்து அழு

இல்லை.

சிக்கல் வேறு. நேற்று அந்த ஆத்திரத்தில், கைக்குக் கிடைத்த தாளில் எழுத உட்கார்ந்தேன். கைக்குக் கிடைத்தது அந்த நோட்டுதான். நீங்கள் படிப்பதெல்லாம் அவன் எண்களின் ஓரத்திலும் இடுக்கிலும் எழுதியது. அவளுக்கு எந்த எண் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கிழித்துத் தர வழியில்லை. நோட்டைக் கொடுத்தால் என் பொய்யையும் கொடுக்க வேண்டும்.

இன்று ஞாயிறு. இப்போதுதான் ரைலி தொலைபேசியில் பேசினாள்.

“கெடைச்சுதா?”

“தேடிட்டிருக்கேன்.”

“சரி. நான் பெட்டி பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன்.”

உட்காருவாள். அங்கே அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

எனக்கு இந்த ஓரத்தில் இனி இடமில்லை. இவ்வளவையும் நீங்கள் படித்துவிட்டீர்கள் என்றால், நோட்டு என் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்கு முன்பா, பின்பா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.