பன்னிரண்டு புள்ளி நாலு

“பதினெட்டு தடவை. வேணும்னா எடுத்துப் பாருங்க, இன்னும் அழிக்காமத்தான் வச்சிருக்கேன். பதினெட்டு தடவையும் போன் அணைச்சு வச்சிருக்குன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே இருந்தா.”

“சார்ஜ் ஏறலைன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

“இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க.”

கடைக்குள்ளே ஒரு ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தலையைத் தூக்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வருவதற்கு முன்பே பாதி சண்டையை முடித்துவிடுகிற புருஷன் பெண்டாட்டிகளை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவிட்டார். ஆனால் இந்தக் குரல்கள் தெரிந்தவை. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த பைக்கின் கைப்பிடி ஓரத்தில் போன் சார்ஜ் போடுகிற சாக்கெட்டை வைத்துக் கொடுத்தது அவர்தான். வைக்கச் சொல்லி அழைத்து வந்தது அந்தப் பெண். கடை நோட்டில் புருஷன் நம்பரோடு தன் நம்பரையும் எழுதிக்கொடுத்தவளும் அவள்தான்.

அவள் புருஷனுக்குக் கிளினிக்குகளில் இருந்து ரத்தக் குப்பிகளை வாங்கிப் பரிசோதனை லேப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. நாள் முழுக்க ரோட்டில்தான். போன வருஷம் மதிய நேரத்தில் போனை அணைத்துவிட்டு எங்கேயோ ஒரு மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தான். கேட்டால் சார்ஜ் இல்லை என்பான், ஒயர் அறுந்துவிட்டது என்பான். ஒருநாள் குட்டு உடைந்தது. அவள் மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை: போன் அணையவே கூடாது. அதற்காக வந்ததுதான் சாக்கெட். அன்றைக்கு அவளே, பாதி கிண்டலாகத்தான், “இனிமே சாக்குப்போக்குக்கு வழி வைக்காம நல்லா இறுக்கி மாட்டுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன வாரம் அந்தப் பெண்குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. அம்மா வேலை செய்யும் இடம் ஊரின் அந்தக் கோடி. அப்பாவோ அந்த நேரத்தில் பள்ளிக்கு ஐந்து நிமிஷ தூரத்தில்தான் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். போன் அணைந்திருந்தது. பள்ளி ஆபீஸ் பெஞ்சில் குழந்தை ஒன்றரை மணி நேரம் கிடந்தது. இப்போது பரவாயில்லை. ஆனால் தூக்கத்தில் குழந்தை கொஞ்சம் புரண்டால்கூட அவள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். இதையெல்லாம் எலக்ட்ரீஷியனிடம்தான் சொன்னாள், புருஷன் பக்கத்திலேயே நின்றான், அவன் அங்கே இல்லாததுபோலச் சொன்னாள்.

அவன் போனை எடுத்துச் சொருகிக் காட்டப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“உங்க போன், உங்க ஒயரு, உங்க வாயி. எதையும் நம்புறதா இல்ல. அண்ணன் மீட்டர் வச்சுப் பாக்கட்டும். அவர் சொல்றதுக்கு நான் கட்டுப்படுறேன்.”

எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கம்பி முழுசாக இருந்தது. சாவியைத் திருப்பி, மீட்டரின் இரண்டு முனைகளையும் சாக்கெட்டுக்குள் வைத்தார். எண்கள் ஒரு நொடி தடுமாறி நின்றன. அதற்குள் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

“பன்னிரண்டு புள்ளி நாலு வோல்ட்” என்றார் எலக்ட்ரீஷியன். “லைன் நல்லாத்தான்மா இருக்கு.”

“மீட்டருக்கு நம்மள மாதிரி ரெண்டு நாக்கு கிடையாது” என்றார் பஞ்சர் கடைக்காரர்.

அவள் கத்தவில்லை. வண்டியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். போதும்ணே, என்றாள். அக்கா வீட்டில்தான் குழந்தை இருந்தது. இனி தானும் அங்கேயேதான் என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். புருஷன் எலக்ட்ரீஷியனை ஒரு பார்வை பார்த்தான். கோபமில்லை அதில். தன்மேல் தனக்கே சந்தேகம் வந்துவிட்டவன் பார்க்கிற பார்வை அது. சாவியைக்கூட எடுக்காமல் ஆட்டோ போன திசையில் நடந்தான்.

எலக்ட்ரீஷியன் ஸ்கூட்டர் வேலைக்குத் திரும்பினார். அந்தப் பார்வைதான் இழுத்துக்கொண்டே இருந்தது. பொய் சொல்கிறவன் மீட்டர் வைக்கும்போது வேறு எங்கேயாவது பார்ப்பான். இவன் மீட்டரையே, பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எழுந்துபோய், பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து வைத்திருந்ததை எடுத்தார். முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது அதுதான். மீட்டர் கரண்டை இழுக்காது, சும்மா தொட்டுப் பார்த்து எண் சொல்லும். பல்பு இழுக்கும். ஒயரைச் சாக்கெட்டில் வைத்தார். உள்ளே கம்பி அடுப்புக்கரி மாதிரி ஒருமுறை சிவந்து, அணைந்தது. மறுபடி வைத்தார். சிவப்புகூட வரவில்லை.

முன்விளக்குக் கூட்டைக் கழற்றினார். கரண்ட் வண்டியின் இரும்புக்குத் திரும்பிப் போகிற எர்த் ஒயரின் ரிங் மாட்டியிருந்த போல்ட்டைத் திருகி எடுத்தார். அடியில், துரு தெரியக்கூடாது என்று யாரோ கெட்டியாக அடித்திருந்த கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. கரண்டை விடாத அந்தப் பெயின்ட்டின் மேலேயே அவர் அன்றைக்கு ரிங்கை வைத்து முறுக்கியிருக்கிறார். போல்ட்டின் மரை வழியாக மட்டும் மூன்று மாதம் கரண்ட் ஓடியிருக்கிறது. நடுவில் பெய்த மழையில் மரையும் துருப்பிடித்துவிட்டது. எர்த் மாட்டுமுன் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். அன்றைக்கு ஏதோ அவசரம். என்ன அவசரம் என்று இப்போது ஞாபகம்கூட இல்லை.

உப்புத்தாளை எடுத்தார். பெயின்ட்டைச் சுரண்டினார், ரிங்கில் இருந்த கருகலைத் தேய்த்தார், மரையைத் துடைத்து, புது போல்ட் போட்டு இறுக்கினார். குற்றத்தைக் கண்ட இடத்திலேயே சரிசெய்துவிடுவது கையின் பழக்கம், மனசைக் கேட்டுக்கொண்டு அது செய்வதில்லை. பல்பை மறுபடி வைத்தபோது பளிச்சென்று எரிந்தது. துருப்பிடித்த போல்ட்டைக் குப்பை டப்பாவில் போட்டார். அதில் அதே மாதிரி நூறு போல்ட் கிடந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்தார். முன்விளக்கை மாட்டி வண்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கடைக்குப் பெயரும் மிச்சம். கொஞ்ச நேரம் அந்த நினைப்போடுதான் உட்கார்ந்திருந்தார், பெஞ்சில் கிடந்த அந்தக் குழந்தை கண்ணுக்குள் வரும்வரை. நோட்டைப் புரட்டிப் புருஷனின் நம்பரைப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அதே பெண் குரல் சொன்னது. அதே பக்கத்தில் இருந்த அவளுடைய நம்பரைப் போட்டார்.

தப்பு தன்னுடையதுதான் என்று ஆரம்பித்து, பெயின்ட், மழை, மரை, எரியாத பல்பு எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர் ஏமாற்றிவிட்டது என்றார். பின்னால் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரிப்பது மட்டும் கேட்டது.

“அவரு உங்களப் பேசச் சொன்னாரா?”

“இல்லம்மா. அவர் போனே எடுக்கல. அணைஞ்சு கெடக்கு.”

“ஒரு மணி நேரம் முன்னாடி நல்லாருக்குன்னீங்க. அதையும் நம்பினேன். இப்ப இல்லைங்கிறீங்க. ஆம்பளைங்க ஒருத்தருக்கு ஒருத்தர் முட்டுக்கொடுக்கிறது எனக்குப் புதுசில்லண்ணே.”

அவர் திறந்திருந்த நோட்டை மூடி வைத்தார். அவளே, கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள்:

“எனக்கு மட்டும் அவர் பொய்யனா இருக்கணும்னு ஆசையா? பாப்பாவைக் கூட்டிட்டு வரேன். அந்தப் பல்பு எரியாம இருக்கிறத என் கண்ணு முன்னால காட்டுங்க. அது போதும் எனக்கு.”

சரிசெய்துவிட்டதை அவளிடம் சொல்லவே இல்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அவர் திரும்பிப் பார்த்தார். சாக்கெட்டில் சொருகியபடியே விட்டிருந்த பல்பு எரிந்துகொண்டிருந்தது.

குப்பை டப்பாவைக் கொட்டித் தேடினார். எது அந்த போல்ட் என்று அவருக்கே தெரியவில்லை. பஞ்சர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மேஜை மேலிருந்த கறுப்பு டேப் உருளையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“ரிங்குக்கு அடியில ஒண்ணு, போல்ட்டுல ஒரு சுத்து. பல்பு எரியாது. நடந்ததத்தானே மாப்ள காட்டப்போற, இதுல என்ன பொய் இருக்கு?”

அப்புறம் அவர் தன் கடைக்குப் போய், ட்யூப் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேட ஆரம்பித்துவிட்டார்.

எலக்ட்ரீஷியன் டேப்பின் முனையை நகத்தால் நெம்பி, விரல் நீளத்துக்குப் பிரித்தார். அது கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. எதிர்ப்புறம் ஆட்டோ ஒன்று நின்றது. அவள் இறங்கினாள், பிறகு குழந்தை. குழந்தைக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. பகல் வெயிலில் ஒரு பைக்கின் மூக்கில் எரிந்துகொண்டிருந்த அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சத்தைக் கையை நீட்டி அம்மாவுக்குக் காட்டியது. அவள் அப்போது ரோட்டின் வலதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், லாரி போகட்டும் என்று.

அந்த லாரி கடந்து போகிற நேரம்தான் அவருக்கு இருக்கிறது. டேப்பை ஒட்டுவதா, எரிகிற பல்பைக் காட்டிக்கொண்டு வாயால் சொல்வதா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டுமே எனக்குத் தூக்கம் தரவில்லை. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து யாராவது சொன்னால் இன்னும் நல்லது.