உரக்கப் படிக்கவும்

சிறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரத்தத்தோடுதான் வருகிறார்கள். பிடிபட்ட இடத்தில் வாங்கிய அடி, வண்டிக்குள் அடித்துக்கொண்ட அடி, காவல் நிலையத்தில் 'வழுக்கி விழுந்த' அடி. அவர்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. வாசலில் 'அனுமதி அறை' என்று எழுதியிருக்கிறது. உள்ளே வர யாரும் அனுமதி கேட்டதாக எனக்கு நினைவில்லை. என் விசைப்பலகைக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறோம், தூசிக்காக அல்ல.

முன்பு இருந்த திரை ஒரு சாபக்கேடு. பெட்டி பெட்டியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கும். தாத்தா பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளி. மூக்கு உடைந்து நிற்கிறவனிடம் பள்ளியின் பெயரைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் எட்டிப்பார்க்காத மூலையில், 'உள்ளே பகை உண்டா' என்று ஒரு கேள்வி. அதில் 'இல்லை' என்று ஏற்கெனவே குறி போட்டிருக்கும். நாங்களும் அப்படியே விட்டுவிடுவோம். அப்படி விட்டதில் ஒரு நாள் இரண்டு எதிரிகள் ஒரே அறையில் மாட்டினார்கள். ஒருவன் பல் துலக்கும் பிரஷ்ஷைத் தரையில் தீட்டி மற்றவனின் கண்ணில் இறக்கிவிட்டான். விசாரணை வந்தது. புதுத் திரை செய்ய ஆள் தேடினார்கள்.

வந்தவள் என் மச்சினி. என் சிபாரிசு என்று நினைக்க வேண்டாம், என் சிபாரிசுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு நாற்காலிகூட நகராது. மனைவியின் தங்கை என்பதால் சொல்லவில்லை, அவள் கெட்டிக்காரி. நாள்கணக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் விரல் எங்கே தடுமாறுகிறது, கண் எங்கே தேடுகிறது என்று பார்த்தாள். கைதியின் வாயிலிருந்து என்ன வரிசையில் பதில் வருகிறதோ அதே வரிசையில் பெட்டிகளை வைத்தாள். பிறந்த தேதியைத் தூக்கிவிட்டு வயதை மட்டும் கேட்டாள். கையுறை போட்ட விரலுக்கும் சிக்கும்படி பொத்தான்களைப் பெரிதாக்கினாள். வீட்டில் சாப்பிடும்போதுகூட எங்களுக்குள் இதே சண்டைதான்.

"மாமா, சிவப்புப் பொத்தான் வேணாம். பார்த்தா பயம் வரும்."

"உள்ள வர்றவன் உன் பொத்தானைப் பார்த்தா பயப்படப்போறான்?"

"உங்களுக்கு வரும்னு சொன்னேன்."

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு ஜெயிலுக்கே போயிடுங்க" என்பாள் என் மனைவி.

பகைக் கேள்வியை அவள் முதல் திரைக்குக் கொண்டுவந்தாள். அதில் வேறு ஒன்றும் கிடையாது. முன்கூட்டிய குறியும் கிடையாது. 'உண்டு', 'இல்லை' இரண்டில் ஒன்றை அழுத்தாமல் நகர முடியாது. சோதனை பார்த்தபோது நாங்கள் கேட்காமலே 'இல்லை'யை அழுத்துவதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றே கேள்விக்கு மேலே ஒரு வரியைச் சேர்த்தாள்: கைதியிடம் உரக்கப் படிக்கவும். படித்து முடிக்க ஆகும் நேரம்வரை பொத்தான்கள் வேலை செய்யாது.

'இல்லை' என்றால் திரை தானாகவே ஒரே வழக்கில் வந்தவர்களை ஒரே அறைக்குப் போட்டுவிடும். நீதிமன்றத்துக்கு ஒன்றாக ஏற்றி இறக்க வசதி. பதிந்த பிறகு அறையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, கண்காணிப்பாளரால்தான் முடியும். செல்வாக்கு உள்ளவன் நல்ல அறைக்குத் தாவிவிடுகிற பழைய கூத்து ஒழியட்டும் என்று அவள்தான் அப்படி வைத்தாள். சரிதானே என்று நானும் தலையாட்டினேன்.

புதுத் திரை வந்த முதல் நாள் அவளும் என் பக்கத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வண்டி வந்தது. இறங்கும்போதே ரகளை. ஒத்தைக்காது என்று பேர்போன ஒருவன், அடியாட்களுக்குத் தலைவன், கீழே கால் வைத்ததும் எங்கள் காவலர் ஒருவரின் மூக்கில் தலையால் முட்டினான். எலும்பு முறிந்த சத்தம் என் மேசைவரை கேட்டது. நான்கு தடிகள் அவன் முதுகில் இறங்கின. முட்டியில் இறங்கின. அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

அவனோடு ஒரே விலங்கில் பூட்டப்பட்டு இன்னொருவன் இருந்தான். ஒல்லி உடம்பு, கிழிந்த சட்டை. ஒத்தைக்காதும் அவன் ஆட்களும் செய்த கொலைக்கு வேன் ஓட்டிய டிரைவர். ஒவ்வொரு அடிக்கும் ஒத்தைக்காதின் கை துள்ள, இவன் கையும் சேர்ந்து இழுபட்டது. மணிக்கட்டில் தோல் உரிந்து சதை தெரிந்தது. விலங்கின் சாவி வண்டியில் இருக்கிறது என்றார்கள். இருவரையும் பூட்டியபடியே என் மேசைமுன் நிறுத்தினார்கள்.

முதலில் டிரைவர். திரையில் இருந்ததை உரக்கப் படித்தேன்.

"உள்ளே உங்களுக்குத் தீங்கு செய்யக்கூடியவர் எவரேனும் உண்டா?"

அவன் விழித்தான். நான் சாதாரணமாகக் கேட்டேன்.

"உள்ள உனக்கு யார் மேலயாவது பயம் இருக்காப்பா?"

அவன் பார்வை என்னிடமிருந்து இறங்கித் தன் மணிக்கட்டில் நின்றது. ஒத்தைக்காது பல்லில் வழிந்த ரத்தத்தை நாக்கால் துடைத்துக்கொண்டான்.

"சொல்லு தம்பி. ஐயா கேக்குறாருல்ல."

"அப்படி யாரும் இல்லைங்க" என்றான் டிரைவர்.

அழுத்தினேன். அம்மாவின் தொலைபேசி எண்ணைச் சொன்னான், ஏற்றினேன். திரை பச்சையாகி, மூன்றாம் தொகுதியில் ஒரு அறையைக் காட்டியது. அடுத்து ஒத்தைக்காது. அதே வழக்கு, அதே அறை. எந்தப் பெட்டியிலும் என் விரல் தடுமாறவில்லை. பெருமையோடு மச்சினியைப் பார்த்தேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர்கள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்த ஆள் பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க பார்த்தான்?"

"கீழ."

"கீழ இல்ல. விலங்கைப் பார்த்தான்."

அப்போது அவர்களை வண்டியில் கூட்டி வந்த காவலர் கையெழுத்து வாங்கத் திரும்பி வந்தார்.

"அந்த டிரைவரைத் தனியாத்தானே போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். "நாளைக்கு கோர்ட்ல ஒத்தக்காதுக்கு எதிரா அவன்தான் சாட்சி. சொல்லிட்டான்னா வீட்டுக்கு விட்டுடுவாங்க."

கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா? உங்க திரை அவனைத்தானே கேக்குது."

அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். கேட்க வேண்டியவரைக் கேட்காமல், விலங்கில் நின்றவனை, கூடவே பூட்டப்பட்டிருந்தவன் காதுபட, உரக்கக் கேட்டிருக்கிறோம். எவ்வளவு அழகாகக் கேட்டிருக்கிறோம்.

இருவரும் கண்காணிப்பாளரின் அறைக்கு ஓடினோம். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு எதிலும் நிதானம்.

"அவனே இல்லன்னு சொல்லியிருக்கானே. பதிவுல இருக்கு."

"அவன் கையைக் கட்டி வச்சிட்டுக் கேட்டோம் சார்" என்றாள் மச்சினி. "தயவுசெஞ்சு அறையை மாத்துங்க."

அவர் தன் கணினியைத் திறந்தார். மாற்றத்துக்குக் காரணம் கேட்டது திரை. 'பாதுகாப்பு' என்று அடித்தார். காரணம் போதாது, விரிவாக எழுதவும் என்றது. அதிகாரிகள் ஒற்றைச் சொல்லில் பூசி மெழுகக் கூடாது என்று அவள் வைத்த பூட்டு அது. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க வச்சதுதானேம்மா. நீங்களே எழுதுங்க."

அவள் விசைப்பலகையைப் பிடுங்காத குறையாக இழுத்து அடிக்கத் தொடங்கினாள். நான் காத்திருக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாவிக்கொத்தையும் ஒரு தடியையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் தொகுதிக்கு ஓடினேன். பாதி வழியில் விசில் அலறியது.

அறையின் கம்பிக்கு உள்ளே முதலில் தெரிந்தது ஒரு போர்வை. அதை டிரைவரின் தலையில் போட்டு, அறையில் முன்பே இருந்த ஒத்தைக்காதின் ஆட்கள் இருவர் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவன் அவன் கால்கள்மேல் உட்கார்ந்திருந்தான். ஒத்தைக்காதின் கையில் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒடித்த தகரம். அவசரமே இல்லாமல் டிரைவரின் வயிற்றில் குத்தினான், உருவினான், மறுபடி குத்தினான். சாவி பூட்டில் நுழைய மறுத்தது. போர்வைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

கதவு திறந்ததும் தடியை வீசினேன். எவன் தலை என்று பார்க்கவில்லை. ஒருவன் சுருண்டான். இன்னொருவன் என் முன்கையைக் கடித்துத் தொங்கினான். அவன் பல் விடும்வரை அவன் முகத்தைச் சுவரில் மோதினேன். ஒத்தைக்காது தகரத்தை என் பக்கம் திருப்பியபோது பின்னால் வந்த காவலர்கள் அவன்மேல் விழுந்தார்கள். அவன் விரல்களைத் தரையோடு வைத்து பூட்ஸால் மிதித்தார்கள். விரல்கள் முறிந்த பிறகும் மிதித்தார்கள். நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

மச்சினி எப்படி உள்ளே வந்தாள் என்று தெரியாது. துப்பட்டாவை உருவி டிரைவரின் வயிற்றில் வைத்து இரு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். துணி நனைந்து விரல்களுக்கு இடையில் ரத்தம் பொங்கியது.

"மாத்திட்டேன், மாத்திட்டேன், உங்க ரூம் மாத்தியாச்சு" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. மிதிபட்டுக் கிடந்த ஒத்தைக்காதைப் பார்த்து முணுமுணுத்தான்.

"நான் யாரையும் சொல்லலயேண்ணே. ஐயா கேட்டப்பக்கூட இல்லன்னுதானே சொன்னேன்."

அவ்வளவுதான், கண் நிலைகுத்திவிட்டது.

அதற்குப் பிறகாவது அந்த நாள் முடிந்திருக்கலாம். முடியவில்லை. மாலைத் தலைக்கணக்கு சரியாக வராமல் எந்த அறைக்கும் சாப்பாடு கொடுக்கக் கூடாது. கணினியின் கணக்கில் டிரைவர் இன்னும் உயிரோடு இருந்தான். செய்தி பரவி, தொகுதி முழுக்கத் தட்டுகளால் கம்பியை இடித்தார்கள். எரிகிற துணிப்பந்து ஒன்று நடைக்கூடத்தில் வந்து விழுந்தது. கண்காணிப்பாளர் என் மேசைக்கு வந்து, அவன் பதிவை மூடச் சொன்னார். 'மரணம்' என்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினால் மருத்துவரின் ஒப்புதல் கேட்டது. மருத்துவர் வழியில் இருந்தார்.

"நகரு" என்றார். நாற்காலியோடு என்னைத் தள்ளிவிட்டு 'விடுதலை'யை அழுத்தினார். "டாக்டர் வந்ததும் மாத்திக்கலாம். முதல்ல இவனுங்களுக்குச் சாப்பாடு போகட்டும்."

கணக்கு சரியாகிவிட்டது. சாப்பாடு போனது. கழிவறையில் கை கழுவிவிட்டு வந்த மச்சினி வாசலிலேயே நின்றாள்.

"எதை அழுத்துனீங்க?"

சொன்னேன். ஈரக் கையாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, விடுதலைன்னா வீட்டுக்கு மெசேஜ் போகும். கூட்டிட்டுப் போக வாங்கன்னு. சொந்தக்காரங்க தெரியாம நாள் கணக்கா வெளிய காத்துக்கிடக்குறாங்கன்னு நான்தான் வச்சேன்."

டிரைவர் கொடுத்த எண்ணுக்கு அழைத்தேன். வேறு அழைப்பில் இருந்தது. மறுபடி அழைத்தேன். அப்போதும் வேறு அழைப்பு. அந்த அம்மாள் யார் யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. போனை வைத்துவிட்டு கண்காணிப்பாளரைத் திட்டினேன். வேலை போனாலும் போகட்டும் என்று அவர் முகத்துக்கு நேராகவே வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளிக்கதவில் வாடகை வண்டி வந்து நின்றது. ஒரு அம்மாள் இறங்கினாள். மடித்த சட்டை ஒன்றை நெஞ்சோடு வைத்திருந்தாள். உள்ளே போன சட்டை கிழிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டிக்காரரை நிற்கச் சொன்னாள், மூன்று பேராகத் திரும்ப வேண்டும் என்றாள். வண்டியில் ஒரு இளம்பெண் இருந்தாள், மகனின் மனைவியாக இருக்கலாம்.

"நான் போறேன்" என்றேன்.

"வேணாம். நான் சொல்றேன் மாமா" என்றாள் மச்சினி.

நானும் பின்னாலேயே போனேன். அம்மாள் எங்களைக் கண்டதும் கைப்பேசியை நீட்டினாள்.

"இது உங்க ஆபீஸ்ல இருந்து வந்ததுதானேம்மா?"

"ஆமாம்மா. நான்தான்... எங்ககிட்ட இருந்து வந்ததுதான்."

அம்மாள் மச்சினியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நகக்கண்களில் இன்னும் ரத்தம் இருந்தது. அம்மாள் அதைப் பார்க்கவில்லை.

"நீ நல்லா இருக்கணும்மா. யாரும் ஒரு தகவல் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீயாவது சொன்னியே."

மச்சினி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அம்மா, அது தப்பாப் போன மெசேஜ்."

அம்மாள் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்த்தாள். ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, சட்டையை இன்னொரு தடவை மடித்தாள்.

"பரவாயில்ல. அப்ப நாளைக்கு வரட்டுமா?"