கொஞ்சம் என்றால் எவ்வளவு

அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கையை விட்டு நாயை வெளியே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார் சித்தப்பா. அது வருவதாக இல்லை.

“விடுங்க, பாவம். அவர விட்டுட்டு அது எங்க போகும்?” என்றாள் அத்தை. சொல்லிக்கொண்டே கைப்பேசியைத் தாழ்த்திப் பிடித்து இன்னொரு படம் எடுத்தாள்.

நேற்று மதியத்திலிருந்து அந்த நாய் ஒரு வாய் சோறு தொடவில்லை, பெட்டியடியை விட்டு நகரவில்லை என்ற செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. அப்பாவைப் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் குனிந்து நாயைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவதுதான் முப்பத்தோரு வருடம் அவர் வேலை. வேலையில் இருந்தவரை நாய் இருக்கிற வீடென்றால் வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார். ஓய்வு பெற்ற மறு மாதம் ஒரு பெண் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யார் என்ன செய்தாலும் பின்னாலேயே வந்து நின்று மேற்பார்வை பார்த்ததால் அதற்கு மேனேஜர் என்று பேர் வந்தது.

மகள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை டாக்டர். சொந்தக்காரர்கள் வாயில் நாய் டாக்டர். இரவெல்லாம் அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்த அவளும், உள்ளதைச் சொன்னால், மேனேஜர் துக்கத்தில்தான் கிடக்கிறது என்று நம்பினாள். நம்பியது மட்டுமல்ல, ‘உனக்காவது அவர் பக்கத்துல இருக்கக் கொடுத்து வச்சிருந்துச்சே’ என்று அதன்மேல் பொறாமையும் பட்டாள்.

காலை ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டம்மா காபி டம்ளரை நீட்டியபடி பேச்சுவாக்கில் சொன்னாள்: “நாய்க்குத் தண்ணி ஊத்தியே என் கை ஓஞ்சு போச்சும்மா. துக்கத்துல தொண்டை காயும் போல. ராத்திரி ரெண்டு தடவ இருந்த எடத்துலயே நனைச்சிடுச்சு.”

மகள் டம்ளரை வாங்கவில்லை. “எவ்வளவு குடிச்சுது?”

“என்னத்த அளந்தேன்? கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருந்தேன்.”

கொஞ்சம் என்ற சொல் அப்பாவுக்குப் பிடிக்காது. ‘கொஞ்சம்னா எவ்வளவு?’ என்று எதிராளியை மடக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். மகள் எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள்.

அங்கே ஆணியில் ஒரு நோட்டுத் தொங்கியது. பெண் நாய்களின் கருப்பையில் சீழ் கட்டும் நோய்தான் அவளுடைய ஆராய்ச்சி. அந்த நோய் வந்த நாய் அளவில்லாமல் தண்ணீர் குடிக்கும். ஆரோக்கியமான நாய் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இருபது வீடுகள் தேவைப்பட்டன. “முதல் வீடு நம்ம வீடுதான்,” என்று அப்பா குதித்துக்கொண்டு முன்வந்தார். காலையில் அளந்து ஊற்றுவார். மாலையில் மிச்சத்தை அளவு ஜாடியில் ஊற்றி, கோடு கண்ணுக்கு நேரே வரும்படி குனிந்து பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் வாசித்துக் காட்டுவார்.

எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். 720 மில்லி. 740. 700. பல வாரங்கள் அப்படியே. பிறகு 980. 1150. 1400. 1650. முந்தாநாள் 1900. பதினாறு கிலோ நாய்!

போன ஞாயிறு அவர் சொல்லத்தான் செய்தார். “இவ அளவு ஏறுதும்மா.” அவள் காரோட்டிக்கொண்டிருந்தாள். “வெயில்ப்பா. வெயில்ல யாருதான் குடிக்கல?” “மீட்டர் பொய் சொல்லாது,” என்றார் அவர். இந்த நோய் வராமலிருக்க ஊர் நாய்க்கெல்லாம் நேரத்தோடு கருத்தடை செய்யச் சொல்கிறவள், வீட்டு நாய்க்கு அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கூடத்துக்கு வந்து தரையோடு படுத்து மேனேஜரின் வயிற்றைத் தடவினாள். விம்மிக் கிடந்தது. ஈறு வெளிறியிருந்தது.

“இது துக்கமில்ல. உள்ள சீழ் கட்டியிருக்கு. எப்ப வேணா வெடிக்கும். நான் இத இப்பவே தூக்கிட்டுப் போகணும்.”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் வந்தான். “அப்பாவ இங்க போட்டுட்டு நாயத் தூக்கிட்டு ஓடப் போறியா? நாலு மணிக்கு வண்டி வருது. ஊரு என்ன பேசும்?”

“பேசட்டும்.”

“நீ நாலுக்குள்ள வரலன்னா?”

அப்பாவைக் கடைசியாக அனுப்பி வைக்கும்போது தான் இல்லாமல் போய்விட்டால் அது ஆயுசுக்கும் ஆறாது என்று அவளுக்கே தெரியும்.

பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் திருப்பினாள்.

“அவர் இவ்வளவு அளந்து வச்சிருக்காரு. அவர் பொண்ணு பாக்காம வேற யாரு பாப்பா? போ. நாலு மணிக்கு வந்து நில்லு.”

சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. காலையிலிருந்து ஒரு வேலையும் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்த மனிதர். காரை அவர் ஓட்டிய ஓட்டில் மூன்று தெருக்காரர்களிடம் திட்டு வாங்கினார்.

கல்லூரியில் மயக்க மருந்து கொடுக்கும் தோழி, துக்கத்துக்கு வருவதற்காகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நாயைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி எறிந்தாள். ஸ்கேனில் கருப்பு கருப்பாகக் குழாய்கள் உருண்டு கிடந்தன.

“இப்பவே வெட்டினா மேசையிலயே போயிடும். முதல்ல சலைன் ஏறட்டும்,” என்றாள் தோழி. “எவ்வளவு நேரம்னு கேக்காத.”

கேட்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பத்தரை. பதினொன்றரை. பன்னிரண்டு. மகள் கடிகாரத்தைப் பார்ப்பாள், நாயின் ஈறுகளைப் பார்ப்பாள், மறுபடி கடிகாரம். பன்னிரண்டேகாலுக்கு ஈறுகளில் லேசாகச் சிவப்பு ஏறியது. தோழி தலையாட்டினாள்.

எழுபது நாய்களுக்கு மேல் இந்த ஆபரேஷனைச் செய்த கை கத்தியை எடுத்தது. வயிற்றைத் திறந்தாள். கருப்பையின் இரண்டு கிளைகளும் உப்பிப் பளபளத்தன. இடப்பக்கத்தில் ஓரிடம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்திருந்தது. அங்கே விரல் பட்டால் எல்லாம் முடிந்தது.

“மூச்சு விடாத,” என்றாள்.

“எனக்கா சொல்ற, நாய்க்கா?” என்றாள் தோழி. “நாய் விடட்டும், அதுதான் என் பொழப்பு.”

இரண்டு பேரும் முகமூடிக்குள் சிரித்தார்கள். மகள் இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, அங்குலம் அங்குலமாக அதை வெளியே தூக்கினாள். வெடிக்கவில்லை. ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டி, அறுத்து, தட்டில் வைத்தபோது தட்டே தாழ்ந்தது. அவளுக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. அப்பா செத்துக் கிடக்கிற நாளில் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. வந்துவிட்டது, என்ன செய்ய.

“எடை போடு,” என்றாள்.

தையல் முடிந்து, மேனேஜர் மெல்ல முழிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையைக் கழுவினாளோ இல்லையோ, சித்தப்பா ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார். வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. சித்தப்பா இறங்கிப் போய்க் கேட்காரரிடம் வாதாடினார். தன் பேச்சைக் கேட்டு ரயில் வருவதில்லை என்று கேட்காரர் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. மணி மூன்றரை.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. நாலுக்குப் பத்து நிமிடம். கூட்டம் விலகி வழிவிட்டது. மகள் நேரே பெட்டியிடம் போய்க் கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்தாள்.

“ரெண்டு கிலோ நூறு கிராம்ப்பா,” என்றாள். மூச்சு வாங்கியது. “சரியா ரெண்டு கிலோ நூறு. உடையாம எடுத்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி, வெயில் இல்ல. நான்தான் கேக்கல.”

அண்ணன் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் உடுப்பில் மருந்து வாடை அடித்தது. அவன் கையை எடுக்கவில்லை.

பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தபோது அவள் கைப்பேசி அடித்தது. தோழி.

“நல்லா முழிச்சிட்டா. தலையத் தூக்கி எல்லாரையும் ஒரு பார்வை பாக்குறா. இப்பதான் கொஞ்சம் தண்ணி குடிச்சா.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“கொஞ்சம்னா... கொஞ்சம்தான்டி.”

“அளந்து சொல்லு.”

வெளியே வண்டியின் கதவைத் திறந்தார்கள். டிரைவர் என்ஜினைப் போட்டார். அம்மா வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். போனின் மறுமுனையில் ஜாடியும் கிண்ணமும் உரசும் சத்தம் கேட்டது.

“நாற்பது மில்லி,” என்றாள் தோழி.

நோட்டு ஆணியில் தொங்கியது. பேனா அதன் கயிற்றிலேயே கட்டியிருந்தது. கடைசி வரி நேற்றைய தேதி. காலை 7.00, ஊற்றியது 2000. மாலைக் கட்டம் காலியாக இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அடுத்த வரியில் இன்றைய தேதியைப் போட்டு, 40 என்று எழுதிவிட்டு, வண்டிக்கு ஓடினாள்.