குட்டியின் காதுக்குத் தப்பிய குரல்

"வேலைக்காரன் இல்ல அண்ணி. டாக்டரும் இல்ல. அந்த வக்கீல்தான் கொலை பண்ணினான். சரியா?"

குட்டி ஃபோனில் இப்படிக் கேட்டதும், ஈரத்துணியைக் கொடியில் போடப்போன அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது. குட்டி கேட்டிருந்தது மூன்றாவது அத்தியாயம் வரைக்கும்தான். அந்த வக்கீலோ அதுவரை ஒரு எறும்பைக்கூட மிதிக்காமல், வந்தவர் போனவரிடமெல்லாம் நல்ல வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்.

யார் இந்த அண்ணி, யார் இந்தக் குட்டி என்று சொல்லிவிடுகிறேன். மர்ம நாவல்களை ஒலிப்புத்தகமாக வாசித்துக் கொடுப்பது அண்ணியின் வேலை. படுக்கையறையில் துணி அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் கனமான போர்வைகளைத் தொங்கவிட்டு, கணவரின் சட்டைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தியிருந்தாள். உள்ளே போய் உட்கார்ந்தால் ஃபேன் கூடாது, வளையல் கூடாது. பசியோடும் உட்காரக் கூடாது. வயிறு லேசாக முனகினாலும் பதிவில் புலி உறுமியதுபோல் விழும்.

குட்டி அவளுடைய நாத்தனார். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. குறுகலான வாசல் என்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள். ஆனாலும் வீட்டுக்குக் கடைசிப் பெண், ஆகவே குட்டி. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. ஒரு காதில் இயர்ஃபோனில் கொலை நடந்துகொண்டிருக்கும், இன்னொரு காது முதலாளிக்கு. அண்ணி வாசித்த புத்தகம் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். ஒன்றுவிடாமல் குற்றவாளியையும் பிடித்திருக்கிறாள்.

இத்தனை நாள் அது குடும்பத்துக்குள் நடந்த வேடிக்கை. இப்போது அப்படியில்லை. அன்று காலையில்தான் பதிப்பகத்திலிருந்து ஒலிப்புத்தகங்களைக் கவனிக்கும் பெண் பேசியிருந்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. போன மூணு புத்தகத்துக்கும் ஒரே புகார். குரலை வெச்சே குற்றவாளியைக் கண்டுபிடிச்சிடறோம்னு எழுதறாங்க. ஒரு பெரிய தொடர் வருது. முதல் புத்தகத்தை உங்களுக்கே அனுப்பறேன். இதுலயும் கண்டுபிடிச்சிட்டாங்கன்னா, மீதியை வேற ஒருத்தர்கிட்ட குடுக்கச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு ஆரோக்கியக் குறிப்புப் புத்தகங்கள் இருக்கு, கவலைப்படாதீங்க."

ஆரோக்கியக் குறிப்பு! வெறும் வயிற்றில் வெந்நீர் குடிப்பதைப் பற்றி எந்தக் குரலில் வாசித்தால் கேட்கிறவர் நெஞ்சு படபடக்கும்? அண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. இருட்டு மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தத்தை வாசிப்பதில் அவளுக்கு இருந்த ஆனந்தம் வேறு எதிலும் கிடையாது.

அதனால் மறுநாளே குட்டியின் கடைக்குப் போனாள். தரையெல்லாம் நீலத்துணி குவிந்து கிடக்க, நடுவே தையல் மெஷினில் உட்கார்ந்து விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் குட்டி.

"எப்படிடீ கண்டுபிடிக்கறே? சொல்லித் தொலை."

"அதெல்லாம் தானா காதுல படும் அண்ணி."

"என் வேலை போகப்போகுது, குட்டி."

விஷயத்தைக் கேட்டதும் குட்டி காலை மெஷினிலிருந்து எடுத்தாள். இயர்ஃபோனின் ஒரு முனையை அண்ணியின் காதில் செருகி, வக்கீல் பேசும் இடத்தை ஓடவிட்டாள்.

"கேளுங்க. மத்தவங்க வந்தா கதவைத் திறந்து விடறீங்க. இவன் வந்தா மட்டும் நாற்காலி இழுத்துப் போடறீங்க."

அண்ணி கேட்டாள். உண்மைதான். பாவம், கடைசியில் மாட்டிக்கொள்ளப் போகிறவனாயிற்றே என்று அவளுக்கே தெரியாமல் குரலில் ஒரு குழைவு.

"எங்க அண்ணன்மேல கோபம் வந்தா, 'ஏங்க, சாப்பிட வரீங்களா'ன்னு தேனா பேசுவீங்க பாருங்க. அதே குரல்" என்றாள் குட்டி.

வீட்டுக்கு வந்து அண்ணி பயிற்சி செய்தாள். குட்டி கேட்டிராத பழைய புத்தகம் ஒன்றில் குற்றவாளியைக் கறாராக வாசித்து அவளுக்கு அனுப்பினாள். "இவன்தான். எதுக்கு இவனை மட்டும் திட்டறீங்க?" என்று பதில் வந்தது. பிறகு எல்லாரையும் ஒரே மாதிரி வாசித்துப் பார்த்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவர் அதைக் கேட்டுக்கொண்டே சோபாவில் தூங்கிப்போனார். கொலை நடந்த பக்கத்தில் குறட்டை.

எழுந்ததும் அவர்தான் வழி சொன்னார். "யாருன்னு தெரிஞ்சாத்தானே உன் குரல் காட்டிக்கொடுக்கும்? தெரிஞ்சுக்காதே."

"படிக்காம எப்படிங்க வாசிக்கிறது?"

"நான் அச்செடுத்து வெச்சுக்கறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா தரேன். எனக்கு எப்படியும் படிக்கிற பொறுமை கிடையாது. என் முகத்தைப் பார்த்தும் உனக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல."

வாசிப்புக்காரி முடிவு தெரியாமல் மைக் முன்னால் உட்காருவது கண்ணைக் கட்டிக்கொண்டு கறிகாய் நறுக்குவது போலத்தான். ஆனாலும் அண்ணி துணிந்தாள்.

கதை இதுதான்: ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். அங்கே குடியிருந்த நகைக்கடைக்காரர் லிஃப்டுக்குள் செத்துக் கிடக்கிறார். சந்தேகப்பட ஒரு டாக்டர், ஒரு பாட்டு டீச்சர், காவலாளி. போதாக்குறைக்கு, எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரிந்த மாடி வீட்டம்மா. கட்டடத்தில் யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் மாற்றுச்சாவி அவளிடம் இருக்கும். தண்ணீர் வரவில்லை என்றாலும் சண்டை, வந்தாலும் சண்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் வேண்டுமே! மாடி வீட்டம்மா வாயைத் திறந்ததுமே அண்ணிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வம்பு பேசுமுன் ஒரு 'ச்சு', பிறகு பாதி வாக்கியத்தில் குரலை ஏற்றி, முக்கியமான இடத்தில் சட்டென்று தாழ்த்தி... அச்சு அசல் குட்டியின் குரல்!

போர்வைக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவளுக்குத் தெரிஞ்சா உன்னைக் கொன்னுடுவா."

"சின்னப் பாத்திரம்தாங்க. நாலு வம்பு பேசிட்டுப் போயிடும்."

முடிந்த அத்தியாயங்களை அண்ணி உடனுக்குடன் குட்டிக்கு அனுப்பினாள். இந்தக் காதைத் தாண்டிவிட்டால் ஊரில் வேறு எந்தக் காதையும் தாண்டிவிடலாம் என்பது கணக்கு. முதலில் குட்டி, "டாக்டர்தான்" என்றாள். அப்புறம், "இல்ல இல்ல, பாட்டு டீச்சர்" என்றாள். நடுவில் ஒருநாள் காவலாளியைப் பிடித்தாள், சாயங்காலமே விட்டுவிட்டாள். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கதவு திறந்தது. ஒருவருக்கும் நாற்காலி இல்லை. யோசித்து யோசித்து ஒரு திரைச்சீலையை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன் அண்ணி. அந்தக் கட்டடத்துல மனுஷின்னா மாடி வீட்டம்மா ஒருத்திதான். மனசுல பட்டதைப் பேசறா."

தன் குரல் தனக்கே தெரியாது, பாருங்கள். எலும்புக்குள் கேட்பது வேறு, வெளியே கேட்பது வேறு.

கடைசிக் கட்டுப் பக்கங்கள் வந்த அன்று அண்ணி உற்சாகமாக அலமாரிக்குள் போனாள். துப்பறிகிறவர் எல்லாரையும் கீழே வரவேற்பறையில் கூட்டுகிறார். ஒவ்வொருவராகப் பார்க்கிறார். பிறகு ஒரு மாற்றுச்சாவியை மேசைமேல் வைக்கிறார்...

அண்ணி போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"என்னம்மா, பல்லியா?"

"உங்க தங்கச்சி கொலை பண்ணிட்டா!"

அவர் பேப்பரை மடித்தார். "யாரை? நம்மளை விட்டுட்டாளா?"

"விளையாடாதீங்க. மாடி வீட்டம்மாதான் கொலைகாரி. ரெண்டு பக்கத்துக்கு வாக்குமூலம். அதைக் குட்டி குரல்ல நான் எப்படி வாசிக்கிறது? கேக்கறவங்க சிரிச்சுடுவாங்க. தொடர் போச்சு."

அந்தப் பக்கங்களை மட்டும் கட்டைக் குரலில் வாசித்துப் பார்த்தாள். யாரோ புதிய பொம்பளை வரவேற்பறைக்குள் புகுந்ததுபோல் இருந்தது. முதலிலிருந்து மாற்றவோ நேரமில்லை; மறுநாள் அனுப்பியாக வேண்டும். ஆனது ஆகட்டும் என்று உட்கார்ந்தாள். கண்ணை மூடிக் குட்டியை நினைத்துக்கொண்டாள். எத்தனை வருடமாக எல்லார் வீட்டுக் கஷ்டத்துக்கும் ஓடி ஓடிப் போகிறவள்! ஒருவரும் "நீ சாப்பிட்டியா" என்று திருப்பிக் கேட்காவிட்டால் அவள் எப்படிப் பேசுவாள்? அந்தக் குரலில் வாசித்தாள். வேடிக்கைக்குப் பிடித்த குரல்தான், ஆனால் கடைசி வரியில் அண்ணிக்கே ஒரு விம்மல் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் குட்டியின் எதிரே ஒரு துணிக்கட்டின்மேல் போய் உட்கார்ந்தாள். குட்டி இயர்ஃபோனைச் செருகி, கடைசி அத்தியாயத்தை ஓடவிட்டுக்கொண்டு மெஷினை ஓட்டினாள். அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷின் மிதிக்கும் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஓடியது. வேகம் பிடித்தது. தயங்கியது. நின்றது.

"அய்யோ, இவளா!"

அண்ணி துணிக்கட்டின் நுனிக்கு நகர்ந்தாள்.

"பாவம் அண்ணி! அந்த நகைக்கடைக்காரன் என்ன பண்ணினான்? இவ சாவியை வாங்கித் தானே திருடிட்டு, பழியை இவ தலையிலயே கட்டப் பாத்தான். அந்தக் கட்டடத்துல ஒருத்தன் இவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கானா? போலீஸ்காரனுக்கு அறிவே இல்ல!"

"நீ கண்டுபிடிச்சியா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

குட்டிக்குக் கோபம் வந்தது. "எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம்ம வீட்டு மனுஷி மாதிரி பேசறா. அவளைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?"

அண்ணிக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் குட்டி விடவில்லை. "கடைசியில அழறாளே, அது சரியில்ல. இவ அழற ஜாதியா? 'ச்சு, என்னைப் பிடிச்சிட்டீங்க, சரி. நாளைக்கு உங்க வீட்டுச் சாவி தொலைஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க?' அப்படின்னு கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிக்கணும்."

சொல்லி முடித்துச் சிரித்தும் காட்டினாள். பாதியிலேயே சிரிப்பு நின்றது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணி. இது நான்."

"சத்தியமா எனக்குத் தெரியாது குட்டி! உங்க அண்ணன்தான் பக்கத்தை ஒளிச்சு வெச்சுட்டார். நீ கொலை பண்ணுவேன்னு நான் கனவுலயும்..."

"ஊர்ல இத்தனை பேர் இருக்க, வம்பு பேசற பொம்பளைக்கு நான்தான் கிடைச்சேனா?"

"மனசுல பட்டதைப் பேசறவன்னு நீதானே சொன்னே?"

குட்டி நீலத்துணியை மடியில் போட்டுக்கொண்டு, இயர்ஃபோனை மறுபடி செருகி, வாக்குமூலத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். ஒரே இடத்தை அவள் இரண்டு தடவை கேட்டு அண்ணி பார்த்ததே இல்லை. அதனால் இன்னும் பயந்தாள். கடைசியில் குட்டி மூக்கை உறிஞ்சினாள்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கேன்."

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கேடீ."

"ஆனா அந்த அழுகையை மாத்துங்க. நான் மாட்டிக்கிட்டா அழமாட்டேன்."

புத்தகத்தில் ஒரு வார்த்தையை மாற்றவும் அண்ணிக்கு உரிமை கிடையாது. குட்டி சொன்ன சாவி வசனத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் அழுதாள் என்றும் எழுதியிருக்கவில்லை. அது அண்ணி தானாகச் சேர்த்த விம்மல். வீட்டுக்கு ஓடிப்போய், அதே வரிகளை விம்மலில்லாமல், உதட்டோரம் சிரிப்பை வைத்துக்கொண்டு வாசித்து அனுப்பிவிட்டாள்.

அடுத்த வாரம் பதிப்பகத்துப் பெண் பேசினாள். "மேடம், ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல! அந்தம்மாவை ஏன் ஜெயிலுக்கு அனுப்பினீங்கன்னு என்கிட்ட சண்டைக்கு வராங்க. தொடர் முழுசும் உங்களுக்குத்தான்."

அண்ணி கணவரைக் கட்டிக்கொள்ளப் போனாள். அவரோ அடுத்த புத்தகத்தை அச்செடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

முதல் பக்கத்தை வாசிக்க உட்கார்ந்த அன்று, ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே பதிவில் என்னவோ இரைவது அண்ணிக்குக் கேட்டது. காற்றா, குழாயா? போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தாள். படுக்கையறைக் கதவை ஒட்டினாற்போல் ஒரு நாற்காலி. அதில் குட்டி, கடைக்கு லீவு போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு, புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தடவை நான் யாரு அண்ணி? செத்தவளா, கொன்னவளா?"

"எனக்கு என்னடீ தெரியும்? நாலாவது பக்கம்தான் ஆகுது."

"அப்ப வாசிங்க."

அண்ணி நெற்றியைத் துடைத்தாள். பிறகு கணவரின் சட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளி இடம் பண்ணினாள்.

"உள்ள வந்து உக்காரு. வளையலைக் கழட்டிட்டு வா. வாயைத் திறந்தியோ, தெரியும் சேதி."