வீடு உமக்கு, காணி எனக்கு

சிவமலரின் வீடு தன் காணியை விட்டு இறங்கிக் கால்வாய்க்குப் போனது மார்ச் மாதத்து ஒரு புதன்கிழமை காலையில். இரண்டு மாடி, பச்சைச் சன்னல் கதவுகள், பின்பக்கத்து விறகுக் கொட்டில், எல்லாவற்றோடும் போனது. முதலில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும், சுகமாகி வீட்டுக்குப் போகிற நோயாளியின் கையிலிருந்து தாதி ஊசியைக் கழற்றுவதுபோல, நோகாமல் கழன்றன. பிறகு வீடு சற்று எழும்பி, புல்வெளியைத் தாண்டி, கரையால் இறங்கித் தண்ணீரில் அமர்ந்தது. அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த சிவமலர், சன்னலுக்கு வெளியே அயல் தோட்டத்து ஆப்பிள் மரம் இடமிருந்து வலமாகப் போவதைக் கண்டார். தேத்தண்ணி சிந்தவில்லை. எதிர்க்கரையில் பால்மாடு வைத்திருந்த சும்ஸ்டைன் என்ற விவசாயி இதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தார். பார்த்துவிட்டு அவர் ஊர்ச்சபைக்குத் தொலைபேசி எடுத்து முறைப்பாடு ஒன்று சொன்னார். ஏழு மணிக்கு முன்னால் வீடு நகர்வது ஊரின் அமைதி நேர விதிக்கு முரண் என்பதுதான் அது.

சுவிஸில் உள்ள ரோர்மூஸ் அப்படிப்பட்ட ஊர். லாங்கன்தாலிலிருந்து வரும் பஸ் அங்கே திரும்பிவிடும். அதற்கு மேல் போகக் காரணம் எதுவும் இல்லை. ஆரெ ஆற்றுக்குப் போகும் ஓர் அகன்ற கால்வாய், அதன் இரு கரையிலும் கறுத்த சதுப்பு மண், அந்த மண்ணில் நேராக நிற்கும் சில வீடுகள், அவற்றுக்கிடையில் அதைவிட நேராக நிற்கும் வேலிகள். அயலவரின் பெயரைத் தெரியாதவர்கள் அங்கே இருந்தார்கள். அயலவரின் வேலி எவ்வளவு உயரம் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் ஆண்கள் தங்கள் எல்லைக் கற்களைப் பார்க்கப் போவார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவுக்காரரைப் பார்க்கப் போகிற முகத்தோடு. எல்லையில் நின்ற ஒரு வால்நட் மரத்துக்காக அண்ணனும் தம்பியும் முப்பது வருடம் பேசாமல் இருந்து, அடுத்தடுத்த குழிகளில் புதைக்கப்பட்டார்கள். அந்த மரத்தின் காய்களை இருவரும் ஒருநாளும் தின்றதில்லை. மற்றவர் தின்றுவிடாமல் பார்ப்பதிலேயே பருவம் முடிந்துவிடும்.

இந்த ஊருக்குத்தான் சிவமலரின் கணவர் தவராஜா வந்து சேர்ந்தார். எண்பதுகளில் வந்தவர், டாவோஸில் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு லாங்கன்தாலில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தரமானவர். டொச்சு என்கிற ஜெர்மன் மொழி பிடிபட அவருக்கு இருபது வருடம் எடுத்தது. வேலிப் புத்தி பிடிபட ஒரு கோடைகாலம் போதுமாயிருந்தது, ஏனென்றால் அதற்கான அத்திவாரத்தை அவர் யாழ்ப்பாணத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரோர்மூஸில் வாங்கியதை அவர் ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை. கோயிலில், கலியாண வீட்டில், செத்த வீட்டில், எங்கே போனாலும் "எனக்கு அங்கை காணி இருக்கு" என்றுதான் சொல்வார். வீடு என்று சொன்னவர் சிவமலர். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை முடித்து வந்து, அந்த வீட்டின் பழைய சுவர்த்தாள்களைச் சுரண்டியவர் அவர். சன்னல் கதவுகளுக்குப் பச்சை பூசியவரும் அவர்தான். எந்தப் படி முனகும், எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பது அவருக்குத் தெரியும். தவராஜாவுக்கு வெளியே உள்ள நான்கு கற்கள் தெரியும்.

பிள்ளை மதுஜா படித்துத் தாதியாகி ஓல்டனுக்குப் போன பிறகு, அடுக்குமாடி கட்டும் கம்பனி ஒன்று ரோர்மூஸில் காணி தேடி வந்தது. தவராஜா அன்றைக்கே விற்கத் தயார். ஆனால் குடும்பம் இருக்கும் வீட்டை மனைவியின் கையெழுத்து இல்லாமல் விற்க அந்த நாட்டில் முடியாது. சிவமலர் மாட்டேன் என்றார்.

"வித்துப்போட்டு நான் எங்கை போறது?" என்று கேட்டார்.

"எல்லாரும் இருக்கிற மாதிரி ஃபிளாட்டிலை இருப்பம்" என்றார் தவராஜா.

"நீங்கள் இருங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்."

அதோடு தவராஜா பேசுவதை நிறுத்தினார். ஒரு வருடம் முழுக்க மேசையில் எதிரே இருந்து சாப்பிட்டு, கோப்பையைக்கூட எடுத்து வைக்காமல் எழும்பிப் போனார். அவரைப்போன்ற ஆண்களுக்கு அதுதான் வீரம். பிறகு லாங்கன்தாலில் அறை எடுத்துக்கொண்டு போய், விவாகரத்து வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அனுப்பப்பட்ட ஆள் கோயில் சபைச் செயலாளர் தவச்செல்வன். பிறர் குடும்பச் சண்டைகளுக்குப் பசியோடு போய் நிறைந்த வயிற்றோடு திரும்புகிறவர். வீடு தனக்கென்றால் சம்மதம் என்று சிவமலர் சொன்னார். இதைக் கேட்டு தவராஜா ஒரு சட்டத்தரணியிடம் போனார். அவர் சொன்னது சுருக்கமானது: இந்த நாட்டில் வீடு காணியின் ஒரு பகுதி, தலை யாருடையதோ மயிரும் அவருடையது, காணியை எழுதி வாங்கிவிட்டால், வீட்டைப் பற்றி வாயால் சொன்ன எதுவும் காற்று. தவராஜா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கோயில் என்பது தொழிற்பேட்டையில் முன்பு டயர் வைத்திருந்த ஒரு மண்டபம். அர்ச்சனை முடிந்து, சபைக்காரர் சுற்றிவர இருக்க, தவராஜா திருநீற்றோடு எழும்பி நின்றார்.

"சாமிக்கு முன்னாலை சொல்லுறன். வீடு உமக்கு, காணி எனக்கு."

"வீடு எனக்கோ?" என்று சிவமலர் கேட்டார்.

"ஓம். வீடு உமக்கு."

"பிறகு மாற மாட்டியளே?"

தவச்செல்வன் குறுக்கிட்டு, "பிள்ளை, சாமிக்கு முன்னாலை சொல்லுறார், அதுக்குப் பிறகும் என்ன கேள்வி?" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சட்டத்தரணி சொன்னதை தவராஜா முதல்நாளே அவர்களில் பாதிப்பேருக்குச் சொல்லிச் சிரித்திருந்தார். தெரிந்தவர்கள் தெரியாதவர்களைவிட நன்றாகத் தலையாட்டினார்கள். பிறகு எல்லாரும் அன்னதானத்துக்குப் போனார்கள். சிவமலர் காணி உரிமையை விட்டுக் கையெழுத்திட்டார். மதுஜா கேள்விப்பட்டுத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, என்னட்டைக் காட்டாமல் ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

"சாமிக்கு முன்னாலை சொன்னவரடி."

"காணிப் பதிவிலை சாமி இல்லை, அம்மா."

விவாகரத்து முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தவராஜா வந்தார். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார். மாத முடிவுக்குள் வெளியேற வேண்டும் என்றார். காணி தன்னுடையது, காணியில் நிற்பதெல்லாம் தன்னுடையது, சட்டம் அப்படி என்றார்.

"அப்ப கோயிலிலை சொன்னது?"

"அது கதைக்குச் சொன்னது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

சிவமலர் உள்ளே போய்ச் சட்டி பானைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, முனகும் படியில் போய் இருந்தார். கோபத்தைவிட அவமானம்தான் அவரை வருத்தியது. மண்டபத்தில் தலையாட்டிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன; அவற்றுக்குத் தன் கையால் மோதகம் பரிமாறியதும் நினைவு வந்தது. யாருக்கும் என்றில்லாமல், "வீடு எனக்கெண்டு சொன்னவர்" என்றார். அதன்பின் அடுப்படித் தரையைக் கழுவிவிட்டுப் படுத்தார். விடிந்ததும் வீடு புறப்பட்டது.

ஊர் திரண்டு வந்தது. ஒருவரும் வீட்டைப் பார்த்து வியக்கவில்லை. வீட்டின் நிழல் இனி யாருடைய கீரைப்பாத்தியில் விழும் என்பதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. கப்பல் போக்குவரத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, தண்ணீரில் மிதக்கும் எதுவும் படகு என்று தீர்ப்புச் சொல்லி, வாசலில் ஓர் இலக்கத் தகடு ஆணியடித்துவிட்டுப் போனார். நகரக்கூடிய எதுவும் காணியின் பகுதியல்ல என்று தவராஜாவின் சட்டத்தரணியே அவருக்கு விளக்கினார். அதே கதிரை, அதே குரல், இன்னொரு கட்டணம். தவராஜா கரையில் நின்று, "இறங்கி வா" என்று கத்தினார். மனைவியைச் சொன்னாரா வீட்டைச் சொன்னாரா என்பது தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. பிறகு சும்ஸ்டைனின் இரண்டு உழவு இயந்திரங்களை வாடகைக்கு எடுத்து, சங்கிலி போட்டு இழுத்தார். வீடு அசையவில்லை. உழவு இயந்திரங்கள் சதுப்பு மண்ணில் இருக்கைவரை புதைந்தன. தவச்செல்வன் வந்து விசேட அபிஷேகம் ஒன்றுக்கு ஆலோசனை சொன்னார். தவராஜா அவரை முதன்முறையாகக் கெட்ட வார்த்தையால் பேசினார். அடுக்குமாடிக் கம்பனியும் விலகிக்கொண்டது. கட்டடங்கள் எழும்பிப் போகிற காணியில் கட்ட எந்தக் காப்புறுதிக்காரரும் சம்மதிக்கவில்லை. தவராஜாவிடம் காணி மிஞ்சியது. நான்கு கல், நடுவில் ஒரு குழி. அவர் சனிக்கிழமைகளில் வந்து குழியைச் சுற்றிப் புல் வெட்டினார்.

சிவமலருக்கு முதல் மாதம் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வேலைக்குப் போகும் நாட்களில் வீடு அவரைப் பஸ் தரிப்பிடத்துக்குக் கிட்டே இறக்கிவிட்டு, மாலையில் அங்கேயே நின்றது. தபால்காரர் ஒரு சிறு தோணி வாங்கினார். மதுஜாவைப் பார்க்க நினைத்தால், வீடு ஆரெ வழியாக ஓல்டன்வரை போய்வந்தது. வழியில் உள்ள அணைகளில் வீடு சற்று எழும்பித் தாண்டும், அணைக்காவலர்கள் கைகாட்டுவார்கள். கூரை மட்டும் முன்போலவே வடமேல் மூலையில் ஒழுகியது.

இரண்டாம் குளிர்காலத்தில் கால்வாய் உறைந்தது. வீடு காணிக்குக் கிட்டே பனிக்கட்டியில் இறுகி நின்றதைக் கண்டதும் தவராஜாவின் மூளை வேலை செய்தது. உறைந்த தண்ணீர் கெட்டியானது, கெட்டியானது தரை, தரை தன் காணியோடு ஒட்டிக் கிடக்கிறது. ஞாயிறு காலை, ஊரே சன்னல்களில் நிற்க, அவர் முளைக்கட்டைகளும் சம்மட்டியும் கொண்டு பனிக்கட்டிமேல் இறங்கி, வீட்டைச் சுற்றி எல்லை அடிக்கத் தொடங்கினார். மூன்று மூலைகளுக்கு அடித்தார். நான்காவதை அடிக்கும்போது பனிக்கட்டி பிளந்து, அவரை முளைக்கட்டையோடு விழுங்கியது.

சன்னல்களில் நின்றவர்கள் நின்றார்கள். விழுந்த இடம் அரசுக்குச் சொந்தமான தண்ணீர், தங்கள் எல்லைக்குள் இல்லை என்று சும்ஸ்டைன் பிறகு பொலிசுக்கு விளக்கினார். சிவமலர் திரைச்சீலைத் தடியைக் கழற்றிக்கொண்டு வாசலில் குப்புறப் படுத்து, அதை நீட்டினார். தவராஜா பிடித்தார். ஒரு கையால்தான் பிடித்தார். மற்றக் கை சம்மட்டியை விடவில்லை.

"அதை விடுங்கோ" என்றார் சிவமலர்.

"புதுசு" என்றார் தவராஜா, பல் அடிக்க.

"விடுங்கோ எண்டுறன்."

விட்டார். சிவமலர் அவரை இழுத்து உள்ளே போட்டு, ஈர உடுப்பைக் கழற்றி, மதுஜா விட்டுப்போயிருந்த ரோசா நிறக் குளியல் அங்கியைப் போர்த்தி, அடுப்புக்கு முன்னால் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார். ஒரு நன்றி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் முகத்தைப் பார்த்தார்; இத்தனை வருடப் பழக்கம். தவராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். மேலே பார்த்தார்.

"இந்தக் கூரை நான் போட்டது" என்றார்.

சிவமலருக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அப்போது இலேசாகிப் போனது. வெறுப்பும் இல்லை, துக்கமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் அறியாத மனிதரின் சளியைப் பொறுப்பதுபோல இருந்தது.

"ஓம். அதுதான் ஒழுகுது" என்றார். "தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அந்த நேரம் வீடு பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு நகரத் தொடங்கியது. நகரச் சொல்லி யாரும் அதைக் கேட்கவில்லை. கால்வாயைக் கடந்து ஆரெக்கு வந்து, ஆர்வாங்கன் பாலத்தடியில் கரையோடு அணைந்து நின்றது. சிவமலர் வாசல் கதவைத் திறந்து பிடித்தார். தவராஜா ரோசா அங்கியோடு, வெறுங்காலில், பிற்பகல் பூசைக்குப் புறப்பட்டு பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு முன்னால் இறங்கினார். தவச்செல்வன் அங்கேதான் நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாரும் பஸ் அட்டவணையை வாசித்தார்கள். வருத்தத்தால் அல்ல, அவரவர் வீட்டுக் கதை அவரவருக்குத் தெரியும் என்பதால்.

தவராஜா இன்னும் சனிக்கிழமைகளில் புல் வெட்டுகிறார். அதன்பிறகு லாங்கன்தால் பக்கம் இன்னும் இரண்டு வீடுகள் இப்படிப் போயிருக்கின்றன. ஒன்று சுவிஸ்காரருடையது, மற்றது கோயில் சபைக்காரர் ஒருவருடையது. ரோர்மூஸ் ஊர்ச்சபை கரையில் கட்டுத்தறி நாட்டி அதற்கு வரி விதித்திருக்கிறது. கோயில் மண்டபத்தில் ஆண்கள் இப்போது பேச்சில் கவனம்; "வீட்டை போவம்" என்பார்கள், ஆருடைய வீடு என்று பகிடிக்கும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தில் நிற்பவர்களுக்குக் கீழே, பச்சைச் சன்னல்களில் உடுப்புக் காய, அந்த வீடு ஓல்டன் பக்கம் போகும்.

"சிவமலர் அக்கா போறா" என்று யாராவது சொல்வார்கள்.

"ஓம், மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்காம்" என்று இன்னொருவர் சொல்வார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விடுவார்கள்.